உறைக்குள் உறை

நுழையும்முன்

ஒரு நெறிமுறையைச் சார்ந்த தரவுப்பொதி, வேறொரு நெறிமுறையின் பொதிக்குள் அமர்ந்து வலைப்பின்னலைக் கடந்து செல்வதுண்டு. இதனைச் சுரங்கவழி என்பர். தான் சுமந்து செல்வது எவ்வகைப் பொதி என்பதைச் சுரங்கவழியை நடத்தும் மென்பொருள் எவ்வாறு அறிந்துகொள்கிறது? அறியத் தவறினால் நேர்வது என்ன? நாள்தோறும் கையாளும் இணையத்தின் அடித்தளத்தில் நிகழும் இப்பணியை விளக்குகிறது இப்பாடம்.

ரயில் ஏறிய லாரிகள்

மேற்குக் கடற்கரையை ஒட்டி மலைகளைக் குடைந்தும் ஆறுகளைக் கடந்தும் செல்வது கொங்கண் ரயில்பாதை. அப்பாதையில் 1999ஆம் ஆண்டு ஒரு புதிய சேவை தொடங்கியது. மகாராட்டிர மாநிலத்தின் கோலாட் நிலையத்தில், சரக்கு ஏற்றிய லாரிகள் தட்டையான ரயில் பெட்டிகளின்மீது ஏறி நின்றன. கோவாவின் வெர்ணா நிலையத்தில் அவை இறங்கி, மீண்டும் சாலைவழியே தத்தம் ஊர்களுக்குச் சென்றன. தண்டவாளத்தில் ஓடும் ஆற்றல் லாரிக்கு இல்லை. எனினும், ரயிலின்மீது ஏறியதால் தண்டவாளப் பாதை முழுவதையும் அது கடந்துவிட்டது.

லாரிக்குள் இருப்பது நெல்லா இரும்பா என்று ரயில் ஆராய்வதில்லை. ஆனால், ஏறியிருக்கும் வண்டியின் உயரம் என்ன, எடை என்ன என்பதை ஏற்றும் நிலையம் அறிந்தாக வேண்டும். அறியாமல் ஏற்றினால், வழியிலுள்ள குகைப்பாதையில் வண்டியின் மேற்பகுதி இடிக்கும். சரக்கைப் பிரித்துப் பாராமலேயே சரக்கின் வகையை அறிந்திருத்தல் என்னும் இப்பொறுப்பே, கணினி வலைப்பின்னலில் சுரங்கவழி இயக்கி என்னும் மென்பொருளுக்கும் உரியது.

சுரங்கவழியின் தேவை

இணையத்தில் செல்லும் செய்தி யாவும் சிறுசிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டே அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு பொதியின் முன்னும் அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி முதலிய விவரங்கள் அடங்கிய தலைப்பகுதி ஒன்று உண்டு. இவ்விவரங்களை எந்த வரிசையில், எத்தனை பிட் அளவில் எழுதவேண்டும் என்று வரையறுப்பது நெறிமுறை.

இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பு 1981ஆம் ஆண்டு வரையறுக்கப்பட்டது. அதன் முகவரி 32 பிட் நீளமுடையது. ஆகவே, ஏறத்தாழ 429 கோடி முகவரிகளையே அதனால் தர இயலும். உலகப் பொதுத்தொகுப்பில் எஞ்சியிருந்த முகவரித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 அன்று மண்டலப் பதிவகங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்தன. இந்நிலை வரும் என்பதை அறிஞர்கள் முன்னரே உணர்ந்திருந்தனர். ஆறாம் பதிப்பின் முதல் வரையறை 1995 டிசம்பரிலேயே வெளிவந்தது. அதன் முகவரி 128 பிட் நீளமுடையது; முகவரிகளின் எண்ணிக்கையோ 39 இலக்கங்களைக் கொண்டது.

இவ்விரு பதிப்புகளின் தலைப்பகுதிகளும் முற்றிலும் வேறான அமைப்புடையவை. நான்காம் பதிப்பை மட்டும் அறிந்த திசைவியால் ஆறாம் பதிப்பின் பொதியைப் படிக்க இயலாது. தொடக்கக் காலத்தில் ஆறாம் பதிப்பைப் பின்பற்றிய வலைப்பின்னல்கள், நான்காம் பதிப்பு என்னும் கடலின் நடுவே தனித்தனித் தீவுகளாக இருந்தன. அத்தீவுகளை இணைத்துச் சோதனை செய்வதற்காக 1996ஆம் ஆண்டு ‘சிக்ஸ்போன்’ என்னும் சோதனை வலைப்பின்னல் உருவானது. அதன் இணைப்புகள் பெரும்பாலும் சுரங்கவழிகளாகவே தொடங்கின. தன் பணியை நிறைவுசெய்து, 2006 ஜூன் 6 அன்று அது விடைபெற்றது.

சுரங்கவழியின் செயல்முறை எளியது. ஒரு தீவின் எல்லையில் உள்ள கணினி, ஆறாம் பதிப்பின் பொதி முழுவதையும் உள்ளே வைத்து, அதன்முன் நான்காம் பதிப்பின் தலைப்பகுதி ஒன்றைச் சேர்க்கிறது. கடிதம் வைத்த உறையை மற்றோர் உறைக்குள் இட்டு, மேலுறையில் புதிய முகவரி எழுதுவது போன்றது இது. இடையிலுள்ள திசைவிகள் மேலுறையை மட்டும் படித்துப் பொதியை நகர்த்துகின்றன. மறுமுனையில் உள்ள கணினி மேலுறையை நீக்கி, உள்ளிருந்த பொதியை அதன் வழியே அனுப்பிவைக்கிறது. உள்ளே அமர்ந்து செல்வதை உட்பொதி என்றும், முன்னே சேர்க்கப்படுவதை வெளித்தலைப்பகுதி என்றும் கூறலாம்.

இயக்கியும் அதன் இரு பணிகளும்

லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில், வலைப்பின்னல் அட்டையை நடத்துவதற்கு இயக்கி என்னும் மென்பொருள் உண்டு. சுரங்கவழிக்கும் இயக்கி உண்டு. ஆனால், அதன்பின் கண்ணுக்குப் புலனாகும் கருவி எதுவும் இல்லை. இயங்குதளத்தின் பார்வையில் சுரங்கவழியும் ஒரு வலைக்கருவியே. அதன்வழி அனுப்பப்படும் பொதி கம்பிக்குச் செல்லாமல் இயக்கியிடம் வந்து சேர்கிறது.

இயக்கியின் பணிகள் இரண்டு. அனுப்பும்பொழுது உட்பொதியின் வகையை அறிந்து, அதனை வெளித்தலைப்பகுதியில் குறிக்கவேண்டும். பெறும்பொழுது அக்குறிப்பைப் படித்து, மேலுறையை நீக்கி, ‘இது இன்ன வகைப் பொதி’ என்று இயங்குதளத்திடம் அறிவித்து ஒப்படைக்கவேண்டும். அவ்வறிவிப்பை நம்பியே இயங்குதளம் பொதியை உரிய பகுதிக்கு அனுப்புகிறது. அறிவிப்பு பிழையானால், அதன்பின் நிகழ்வன யாவும் பிழையாகும்.

வகையைக் குறிக்கும் எண்

நான்காம் பதிப்பின் தலைப்பகுதியில், அடுத்து வருவது எவ்வகை என்பதைக் குறிக்க 8 பிட் நீளமுள்ள ஓர் இடம் உண்டு. அங்கே 6 என்று இருந்தால் உள்ளிருப்பது டி.சி.பி.; 17 என்று இருந்தால் யு.டி.பி. அவ்விடத்தில் 4 என்று எழுதினால், உள்ளிருப்பது மற்றொரு நான்காம் பதிப்புப் பொதி என்பது பொருள். 41 என்று எழுதினால், உள்ளிருப்பது ஆறாம் பதிப்புப் பொதி. லினக்ஸில் ‘ஐபிஐபி’ என்னும் இயக்கி முன்னதற்காகவும், ‘சிட்’ என்னும் இயக்கி பின்னதற்காகவும் உருவாயின. எளிய இணைய மாற்றம் எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் அமைந்ததே சிட் என்னும் பெயர்.

இம்முறையில் ஒரு குறை இருந்தது. 8 பிட் இடத்தில் 256 எண்களே அடங்கும். புதிய நெறிமுறை தோன்றும்தோறும் புதிய எண்ணும் புதிய உறையமைப்பும் தேவைப்பட்டன. இக்குறையைத் தீர்க்க, 1994ஆம் ஆண்டு ‘ஜி.ஆர்.இ.’ என்னும் பொது உறை முறை வெளியிடப்பட்டது. 2000ஆம் ஆண்டு அது திருத்தி எளிமையாக்கப்பட்டது. வெளித்தலைப்பகுதியில் 47 என்னும் எண் இருந்தால், அடுத்து வருவது ஜி.ஆர்.இ. தலைப்பகுதி. குறைந்த அளவாக 4 பைட் கொண்ட அத்தலைப்பகுதியில், 16 பிட் நீளமுள்ள வகை எண் ஒன்று இருக்கிறது. ஈதர்நெட் வலைப்பின்னல் ஏற்கெனவே பயன்படுத்தி வந்த வகை எண்களையே ஜி.ஆர்.இ.யும் ஏற்றுக்கொண்டது. ஆகவே, ஒரே உறையில் நான்காம் பதிப்பு, ஆறாம் பதிப்பு, ஈதர்நெட் சட்டகம் என எதனையும் வைத்து அனுப்ப இயன்றது.

தெரிந்து தெளிவோம்

ஜி.ஆர்.இ. உறையில் உட்பொதியைக் குறிக்கும் சில வகை எண்கள்:
2048 – இணைய நெறிமுறை நான்காம் பதிப்பு
34525 – இணைய நெறிமுறை ஆறாம் பதிப்பு
25944 – ஈதர்நெட் சட்டகம்
34887 – எம்.பி.எல்.எஸ். சீட்டிட்ட பொதி

ஒன்பதாம் பைட்

வகையை அறிந்து எழுதிவிட்டால் இயக்கியின் பணி முடிந்துவிடுமா? முடியாது. வெளித்தலைப்பகுதியை நிரப்புவதற்கு, உட்பொதியிலிருந்து சில மதிப்புகளை எடுத்தாள வேண்டியிருக்கிறது. அவற்றுள் ஒன்று ஆயுள் எண்.

வழிதவறிய பொதி வலைப்பின்னலில் முடிவின்றிச் சுற்றாமல் இருக்க, ஒவ்வொரு பொதிக்கும் ஓர் ஆயுள் எண் தரப்படுகிறது. ஒவ்வொரு திசைவியைக் கடக்கும்பொழுதும் அவ்வெண்ணில் ஒன்று குறையும். சுழியமானால் பொதி கைவிடப்படும். உட்பொதியின் ஆயுள் எண்ணையே வெளித்தலைப்பகுதிக்கும் எடுத்துக்கொள்ளுமாறு சுரங்கவழியை அமைப்பதுண்டு.

நான்காம் பதிப்பின் தலைப்பகுதியில் ஆயுள் எண் இருப்பது ஒன்பதாம் பைட்டில். ஆறாம் பதிப்பிலோ அது எட்டாம் பைட்டில் இருக்கிறது. அங்கே ஒன்பதாம் பைட் என்பது அனுப்புநர் முகவரியின் முதல் பைட். உட்பொதி எப்பதிப்பு என்று பாராமல், எப்பொழுதும் ஒன்பதாம் பைட்டையே படிக்கும் இயக்கி ஒன்றைக் கற்பனை செய்யலாம். ஆறாம் பதிப்பின் முகவரிகள் பதினாறடி எண்முறையில் எழுதப்படுகின்றன. 2001 என்று தொடங்கும் முகவரியின் முதல் பைட் 20. பதின்ம எண்முறையில் அது 32 ஆகும். முகவரியின் ஒரு துண்டை ஆயுள் எண் என்று கருதிய இயக்கி, எல்லாப் பொதிகளுக்கும் 32 என்னும் ஆயுளைத் தந்துவிடும்.

இப்பிழை உடனே வெளிப்படாது என்பது கருதத்தக்கது. 32 திசைவிகளுக்குள் முடியும் பாதையில் பொதிகள் இடரின்றிச் சென்று சேரும். எல்லாம் செம்மையாக நடப்பதாகவே தோன்றும். ஆனால், வழிதவறிச் சுற்றிவந்த பொதியின் ஆயுள் தேய்ந்து 2 ஆகியிருந்தாலும், சுரங்கவழியின் வாயிலில் அது புதிதாக 32ஐப் பெற்று வெளியேறும். வலைப்பின்னலைக் காக்க வகுத்த ஏற்பாடு அவ்விடத்தில் பயனற்றுப் போகும். இயக்கியை எழுதுவோர், உட்பொதியின் வகையை முதலில் வினவி, அவ்வகைக்கு உரிய இடத்திலிருந்தே மதிப்பை எடுக்கவேண்டும் என்பது இதனால்தான்.

நெரிசல் அறிவிப்பு

ஆயுள் எண்ணைப் போன்றதே நெரிசல் அறிவிப்பும். வழியிலுள்ள திசைவியில் பொதிகள் மிகுந்து நெரிசல் ஏற்பட்டால், பொதியைக் கைவிடுவதற்கு மாறாக, அதன் தலைப்பகுதியில் உள்ள இரண்டு பிட்டுகளில் அடையாளம் இட்டு அனுப்பலாம். அதனைக் காணும் பெறுநர், அனுப்புநருக்கு வேகத்தைக் குறைக்குமாறு தெரிவிப்பார். 2001ஆம் ஆண்டு இம்முறை தரநிலையாக்கப்பட்டது.

சுரங்கவழியின் இடையே நெரிசல் ஏற்பட்டால், அடையாளம் இடப்படுவது மேலுறையில். மறுமுனையில் மேலுறை நீக்கப்படும்பொழுது அடையாளமும் மறைந்துவிட்டால், அனுப்புநர் ஒன்றும் அறியாது அதே வேகத்தில் அனுப்பிக்கொண்டே இருப்பார். ஆகவே, மேலுறையின் அடையாளத்தை உட்பொதிக்கு மாற்றி எழுதிய பின்னரே இயக்கி மேலுறையை நீக்கவேண்டும். உட்பொதி இவ்வடையாளத்தை அறியாத வகையைச் சார்ந்தது எனில், அப்பொதியைக் கைவிடுவதே முறை. பொதி வாராமையே அனுப்புநருக்கு நெரிசலை உணர்த்தும். 2010ஆம் ஆண்டு வெளிவந்த தரநிலை இவ்விதிகளைத் தெளிவுபடுத்தியது.

இங்கும் வகையறிவு இன்றியமையாதது. நான்காம் பதிப்பின் தலைப்பகுதியில் சரிபார்ப்பு எண் ஒன்று உண்டு. ஒரு பிட்டை மாற்றினாலும் அதனைத் திருத்தி எழுதவேண்டும். இன்றேல் அடுத்த திசைவி, பொதி சிதைந்துவிட்டது எனக் கருதிக் கைவிடும். ஆறாம் பதிப்பின் தலைப்பகுதியில் சரிபார்ப்பு எண்ணே இல்லை. ஒன்றில் செய்தே தீரவேண்டிய திருத்தம், மற்றொன்றில் செய்யக்கூடாத சிதைவாகிறது.

அளவும் எல்லையும்

கொங்கண் பாதையில் லாரியின் உயரத்திற்கு எல்லை இருப்பது போலவே, வலைப்பின்னலில் பொதியின் நீளத்திற்கும் எல்லை உண்டு. ஈதர்நெட் பொதுவாக ஏற்பது 1500 பைட். சுரங்கவழி தன் தலைப்பகுதியைச் சேர்ப்பதால் உட்பொதிக்குரிய இடம் சுருங்குகிறது. நான்காம் பதிப்பின் தலைப்பகுதி மட்டும் சேர்ந்தால் 20 பைட் குறைந்து 1480 பைட் எஞ்சும். ஜி.ஆர்.இ.யும் சேர்ந்தால் 1476 பைட் எஞ்சும். முழு ஈதர்நெட் சட்டகத்தையே சுமந்து செல்லும் வி.எக்ஸ்.லேன் முறையில் 50 பைட் குறைந்து, 1450 பைட்டே எஞ்சும்.

எல்லையை மீறிய உட்பொதி வந்தால், இயக்கி அதன் அனுப்புநருக்கு ‘பொதி பெரிது; சிறிதாக்குக’ என்று அறிவிக்கவேண்டும். இவ்வறிவிப்பும் உட்பொதியின் மொழியிலேயே அமையவேண்டும். நான்காம் பதிப்பில், ‘பிரிக்கற்க’ என்ற குறி இல்லாத பொதியை வழியிலேயே துண்டுகளாக்கலாம். ஆறாம் பதிப்பில் இடைவழித் திசைவிகள் பொதியைப் பிரித்தல் கூடாது. அறிவிப்பு அனுப்புவதே வழி. மேலும், 1280 பைட் வரையுள்ள பொதியைச் சுமக்க இயலாத இணைப்பு எதுவும் ஆறாம் பதிப்புக்கு ஏற்றதன்று.

அறிவிப்பு அனுப்பப்படாவிடில் அல்லது தவறான வகையில் அனுப்பப்பட்டால் நேர்வதைப் பயனர் நேரில் காணலாம். சிறு செய்திகள் தடையின்றி வந்து சேரும். இணையதளத்தோடு தொடர்பும் ஏற்படும். ஆனால், பெரிய பக்கமோ படமோ பாதியில் நின்றுவிடும். அனுப்புநர் மீண்டும் மீண்டும் அதே பெரிய பொதியை அனுப்புவார்; அது மீண்டும் மீண்டும் மறைந்து போகும். இதனை வலைப்பின்னல் வல்லுநர்கள் கருந்துளை என்று அழைப்பர்.

ஊகத்தின் விலை

வகையெண் இல்லாத உறைகளும் உண்டு. பெரிய தொலைத்தொடர்பு வலைப்பின்னல்களில் பயன்படும் எம்.பி.எல்.எஸ். முறையில், பொதியின் முன் 4 பைட் நீளமுள்ள சீட்டு ஒன்று ஒட்டப்படுகிறது. செல்லும் வழியை அச்சீட்டு தெரிவிக்கும். உள்ளிருப்பது என்ன என்று தெரிவிக்காது. அதனை இரு முனைகளும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்கும்.

இடையிலுள்ள திசைவிகள் சுமையைப் பல பாதைகளில் பகிர்ந்தளிக்க விரும்பின. ஒரே உரையாடலைச் சேர்ந்த பொதிகள் ஒரே பாதையில் செல்லவேண்டும். இல்லையேல் வரிசை குலையும். அதற்காக உட்பொதியின் முகவரியைப் பார்க்க அவை முற்பட்டன. இணைய நெறிமுறைப் பொதியின் முதல் நான்கு பிட்டுகள் அதன் பதிப்பு எண்ணைக் குறிக்கும். ஆகவே, சீட்டிற்குப்பின் வரும் முதல் நான்கு பிட்டுகளின் மதிப்பு 4 என்றால் நான்காம் பதிப்பு, 6 என்றால் ஆறாம் பதிப்பு என்று அத்திசைவிகள் ஊகித்தன.

அவ்வூகம் பெரும்பாலும் பலித்தது. ஆனால், எம்.பி.எல்.எஸ். ஈதர்நெட் சட்டகங்களையும் சுமந்து செல்லும். ஈதர்நெட் சட்டகத்தின் தொடக்கத்தில் இருப்பது பெறும் கருவியின் மேக் முகவரி. அம்முகவரி 4 அல்லது 6 என்னும் இலக்கத்தில் தொடங்கினால், திசைவி அதனை இணைய நெறிமுறைப் பொதி என்றே கருதியது. சட்டகத்தின் ஏதோ ஒரு பகுதியை முகவரியாகப் படித்தது. ஒரே உரையாடலின் பொதிகளை வெவ்வேறு பாதைகளில் அனுப்பியது. பொதிகள் வரிசை மாறிச் சென்று சேர்ந்தன. ஒரு கருவி நன்றாக இயங்க, அதனருகே இருந்த மற்றொரு கருவி மட்டும் இடர்ப்பட்டது. காரணம், அதன் முகவரியின் முதல் இலக்கம்.

2007ஆம் ஆண்டு வெளிவந்த இணையப் பரிந்துரை ஒன்று இதற்குத் தீர்வு கூறியது. இணைய நெறிமுறை அல்லாத உட்பொதியின் முன் கட்டுப்பாட்டுச் சொல் என்னும் 4 பைட்டைச் சேர்த்து, அதன் முதல் நான்கு பிட்டுகளைச் சுழியமாகவோ ஒன்றாகவோ வைக்கவேண்டும். அவ்வாறு செய்தால் எத்திசைவியும் அதனை இணைய நெறிமுறைப் பொதி என ஊகிக்காது.

உடன்பாடும் ஊகமும்

2020ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 5.7 பதிப்பில் ‘பேர்யுடிபி’ என்னும் இயக்கி இடம்பெற்றது. இதன் உறை மிக எளியது. யு.டி.பி. தலைப்பகுதியை அடுத்து உடனே உட்பொதி தொடங்கிவிடும். வகையெண்ணுக்கென்று இடமே இல்லை. மாறாக, சுரங்கவழியை அமைக்கும்பொழுதே எந்த யு.டி.பி. வாயில் எண்ணில் எவ்வகைப் பொதி வரும் என்று நிருவாகி குறித்துவிடுகிறார். அவ்வகையைச் சாராத பொதியை அனுப்ப முற்பட்டால், இயக்கி மறுத்துவிடும்.

நான்காம் பதிப்புக்கென அமைத்த சுரங்கவழியில் ஆறாம் பதிப்பையும் சேர்த்து அனுப்ப விரும்பினால், பன்னெறிமுறை என்னும் தேர்வை நிருவாகி வெளிப்படையாக இயக்கவேண்டும். அதன்பின், பெறும் இயக்கி உட்பொதியின் முதல் நான்கு பிட்டுகளைப் பார்த்து 4 எனில் நான்காம் பதிப்பு, 6 எனில் ஆறாம் பதிப்பு என்று பிரித்தறிகிறது. வேறு எண்ணாக இருந்தால் பொதியைக் கைவிட்டு, கைவிடப்பட்ட பொதிகளின் கணக்கில் ஒன்றைக் கூட்டுகிறது.

எம்.பி.எல்.எஸ். திசைவியும் இவ்வியக்கியும் பார்த்தவை அதே நான்கு பிட்டுகளே. எனினும் வேறுபாடு பெரிது. இங்கே, உள்ளிருப்பது இணைய நெறிமுறைப் பொதி என்று இரு முனைகளும் முன்னரே உடன்பட்டுள்ளன. அவ்வுடன்பாட்டிற்குள் முதல் நான்கு பிட்டுகள் பதிப்பு எண்ணைத் தவிர வேறொன்றாக இருக்க இயலாது. அங்கே அத்தகைய உடன்பாடு இல்லை. ஆகவே, அதே நான்கு பிட்டுகள் பதிப்பு எண்ணாகவும் இருக்கலாம், மேக் முகவரியின் தொடக்கமாகவும் இருக்கலாம். உடன்பாட்டின்மேல் நின்று படிப்பது அறிவு. உடன்பாடின்றிப் படிப்பது ஊகம்.

வாயிற்காவல்

வருவது எதுவாயினும் உறையை நீக்கி உள்ளே விடும் சுரங்கவழி, காவலில்லாத வாயிலை ஒக்கும். தீய எண்ணமுடைய ஒருவர், பொய்யான அனுப்புநர் முகவரியுடன் ஒரு பொதியை உருவாக்கி, அதனை மற்றோர் உறைக்குள் வைத்து அனுப்பலாம். உறையை நீக்கும் கருவி அதனைத் தன் வழியே முன்னனுப்பினால், பிறர்மீது தாக்குதல் நடத்த அக்கருவியே துணைபோனதாகும். அமைக்கப்படாத இடங்களிலிருந்து வரும் நான்காம் பதிப்பு உறைகளைச் சில கருவிகள் இவ்வாறு ஏற்று முன்னனுப்புவதை, அமெரிக்காவில் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கணினிப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பு மையம் 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் எச்சரித்தது.

ஆகவே, இயக்கி இரண்டைச் சரிபார்க்கவேண்டும். மேலுறையை அனுப்பியவர் உடன்பாடு செய்துகொண்ட மறுமுனையினரா என்பது ஒன்று. உட்பொதி உடன்பட்ட வகையைச் சார்ந்ததா என்பது மற்றொன்று. மேலுறையின் முகவரியும் பொய்யாக இருக்கலாம் என்பதால், மறையாக்கம் தேவைப்படும் இடங்களும் உண்டு. 2020 மார்ச் மாதம் லினக்ஸில் இணைந்த ‘வயர்கார்டு’ இயக்கி, மறையை நீக்கிய பின்னரும் உட்பொதியை உடனே நம்பிவிடுவதில்லை. அதன் பதிப்பு எண்ணையும் நீளத்தையும் பார்க்கிறது. அனுப்புநர் முகவரி அந்த மறுமுனைக்கு உரியதாகக் குறிக்கப்பட்டதா என்றும் பார்க்கிறது. பொருந்தாதவற்றைக் கைவிடுகிறது.

நிறைவாக

ஒரு பக்கத்தைக் கைப்பேசியில் திறக்கும் மாணவர், அதன் பொதிகள் எத்தனை உறைகளுக்குள் ஏறி இறங்கி வந்தன என்பதை அறியார், அறியவும் வேண்டியதில்லை. அவ்வுறைகளை இட்டு நீக்கும் இயக்கிகள், செய்தியைப் பிரித்துப் படிக்காமலேயே அதன் வகையை அறிந்து, அவ்வகைக்கு உரியதைச் செய்வதால்தான் பக்கம் முழுமையாக வந்து சேர்கிறது. வகையை உள்ளவாறு குறித்தல், குறித்ததைச் சரிபார்த்தல், அறியாததை அறிந்ததாகக் கொள்ளாமை ஆகிய மூன்றும் இயக்கியை எழுதுவோர் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. கொங்கண் பாதையில் லாரியின் உயரத்தை அளந்த பின்னரே அதனை ரயிலில் ஏற்றும் பணியாளர் கடைப்பிடிப்பதும் அதுவே.

சொற்பொருள்

பொதி – வலைப்பின்னலில் ஒருசேர அனுப்பப்படும் தரவின் சிறு பகுதி
திசைவி – பொதியை அடுத்த வழிக்குச் செலுத்தும் கருவி
நெறிமுறை – தரவுப் பரிமாற்றத்திற்கென வகுத்த விதித்தொகுப்பு
சட்டகம் – ஈதர்நெட் இணைப்பில் செல்லும் தரவுத் தொகுதி
மறையாக்கம் – உரியவரன்றிப் பிறர் படிக்க இயலாதவாறு தரவை மாற்றுதல்

கற்பவை கற்றபின்

1. ஒரு சிறு கடிதத்தை மூன்று உறைகளுக்குள் வைத்து, ஒவ்வோர் உறையின்மீதும் உள்ளிருப்பதன் வகையை எழுதி வகுப்பில் சுற்றுக்கு விடுக. ஓர் உறையில் மட்டும் வகையைத் தவறாக எழுதி, நேரும் குழப்பத்தைக் கலந்துரையாடுக.
2. இப்பாடத்தில் இடம்பெற்ற கலைச்சொற்களைத் தொகுத்து, ஒவ்வொன்றையும் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஜி.ஆர்.இ. தலைப்பகுதியில் உட்பொதியின் வகையைக் குறிக்கும் இடத்தின் நீளம்
அ) 4 பிட்  ஆ) 8 பிட்  இ) 16 பிட்  ஈ) 32 பிட்

2. ஆறாம் பதிப்பின் தலைப்பகுதியில் ஒன்பதாம் பைட் குறிப்பது
அ) ஆயுள் எண்  ஆ) சரிபார்ப்பு எண்  இ) பதிப்பு எண்  ஈ) அனுப்புநர் முகவரியின் முதல் பைட்

குறுவினா

1. சுரங்கவழி என்பது யாது?
2. வலைப்பின்னலில் கருந்துளை எனப்படுவது எது?

சிறுவினா

1. நெரிசல் அடையாளத்தை உட்பொதிக்கு மாற்றி எழுதவேண்டியதன் காரணத்தை விளக்குக.
2. மேக் முகவரியின் முதல் இலக்கம் பொதிகளின் வரிசையைக் குலைத்த நிகழ்வை எழுதுக.

நெடுவினா

‘உடன்பாட்டின்மேல் நின்று படிப்பது அறிவு, உடன்பாடின்றிப் படிப்பது ஊகம்’ – இக்கூற்றைப் பாடப்பகுதி வழி நிறுவுக.